வயது 76, தனியாக இருக்கிறேன்: கழுத்தில் பட்டனா, கையில் வாட்ச்சா, சுவரில் சென்சாரா?

#1 அளவுச்சங்கிலி

வணக்கம். மூன்று வருடமாக இங்கே சத்தம் போடாமல் படித்துவிட்டுப் போகிறவன். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை. தப்பான பிரிவில் போட்டிருந்தால் நகர்த்திவிடுங்கள்.

நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் தங்களோடு வந்து இருக்கச் சொல்கிறார்கள், எனக்குத்தான் விருப்பமில்லை. அந்தப் பேச்சு இங்கே வேண்டாம், வீட்டில் வேண்டிய மட்டும் நடந்தாயிற்று.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போகும் வழியில் மிதியடியில் கால் சிக்கி விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. இடுப்புக்குக் கீழே பத்து நாள் கருநீலமாகக் கன்றிக் கிடந்தது, அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மகனிடம் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே ஹாலுக்கு ஒரு கேமரா, படுக்கையறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று பட்டியல் வந்துவிட்டது. கேமரா எனக்கு வேண்டவே வேண்டாம். மகள் வாட்ச் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள். மருமகனுக்கு, வாயால் சொன்னதைச் செய்கிற ஸ்பீக்கர் மேல் நம்பிக்கை.

அவர்கள் முடிவு பண்ணி எனக்கு மாட்டிவிடுவதற்கு முன்னால் நானே ஒரு முடிவுக்கு வரவேண்டும். உபயோகித்தவர்கள் சொல்லுங்கள். விளம்பரம் வேண்டாம்.

#2 இரவுப்பணி

ஐயா வணக்கம். வயசானவங்க வார்டுல இருபது வருஷமா நர்ஸா இருக்கேன். கருவியெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க: அன்னைக்கு நீங்களா எந்திரிச்சீங்களா? எவ்வளவு நேரம் ஆச்சு?

இதை ஏன் கேக்கறேன்னா, விழறது ஒரு பிரச்சனை, விழுந்து கிடக்கறது அதைவிடப் பெரிய பிரச்சனை. ஒரு மணி நேரத்துக்கு மேல தரையில ஒரே பக்கமா கிடந்தா உடம்போட எடையிலயே சதை நசுங்க ஆரம்பிக்கும். நசுங்கின சதையோட கழிவு ரத்தத்துல கலந்து கிட்னிக்குப் போகும். அழுத்தம் விழற இடத்துல தோல் செத்துப் புண்ணாகும். தண்ணி குடிக்க முடியாது, உடம்பு சில்லிட்டுப் போகும். எலும்பே முறியாம வந்து, இந்தக் காரணத்தால மாசக்கணக்கா படுத்தவங்களை நிறைய பார்த்திருக்கேன்.

இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பக்கம் 90 வயசு தாண்டினவங்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து, 2008-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதியிருந்தாங்க. விழுந்தவங்கள்ல 30 சதவீதம் பேர் ஒரு தடவையாவது ஒரு மணி நேரமோ அதுக்கு மேலயோ தரையில கிடந்திருக்காங்க. அதைவிட என்னைத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த விஷயம். அழைப்பு பட்டன் இருந்தும், தனியா விழுந்து எந்திரிக்க முடியாதவங்கள்ல ஏறக்குறைய 80 சதவீதம் பேர் அதை அழுத்தவே இல்லை!

எங்க வார்டுக்கு வர்றவங்ககிட்ட ஏன் அழுத்தலைன்னு கேட்டா வர்ற பதில் மூணே மூணுதான். "ஆணியில மாட்டியிருந்தேன்." "அந்த நேரத்துல யாரை எழுப்பறது?" "நானே எந்திரிச்சுடுவேன்னு நினைச்சேன்." இந்த மூணுல உங்களோடது எதுவா இருக்கும்னு யோசிச்சு வச்சுக்கிட்டுக் கருவி வாங்குங்க.

#3 எதுக்கு_இதெல்லாம்

எங்க தாத்தா 91 வயசு வரைக்கும் இருந்தார். பட்டனும் இல்லை, வாட்ச்சும் இல்லை. கைத்தடி ஒண்ணு, அவ்வளவுதான். பயமுறுத்திப் பொருள் விக்கறானுங்க.

#4 தூரத்துமகள்

#3, உங்கள் தாத்தா வீட்டில் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள்?

ஐயா, என் அம்மாவுக்கு 79. தனியாகத்தான் இருக்கிறாள். விழுந்தால் தானாகக் கண்டுபிடித்து எனக்கு அழைக்கும் வாட்ச் ஒன்றை இரண்டு வருடம் முன்பு வாங்கிக் கட்டிவிட்டேன். தினமும் மறக்காமல் கட்டிக்கொள்வாள். தினமும் ராத்திரி படுக்கப்போகும்போது மறக்காமல் கழற்றி சார்ஜில் போடுவாள். அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

விழுந்தது விடிகாலை நாலு மணிக்கு. வாட்ச் தலைமாட்டில் பச்சை விளக்கோடு நூறு சதவீதம் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண் ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி, பதில் இல்லாமல் எனக்கு போன் செய்த பிறகுதான் தெரியும். ஐந்து மணி நேரம்.

இப்போது காலையில் குளித்துவிட்டு வந்து செய்தி பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தில் சார்ஜ் போடுகிறாள். ராத்திரி கையை விட்டுக் கழற்றுவதே இல்லை. வாட்ச் அதேதான், நேரத்தை மட்டும் மாற்றினோம்.

#5 ஈயப்பற்று

எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவன். இந்தச் சாமான்களைப் பிரித்தும் பார்த்திருக்கிறேன், என் மாமனார் வீட்டில் பொருத்தியும் இருக்கிறேன். ஐயா கேட்டதற்கு ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் நீளும்.

வாட்ச் எப்படி விழுவதைக் கண்டுபிடிக்கிறது? உள்ளே முடுக்கமானி என்று ஒரு சில்லு. விழும்போது ஒரு கணம் எடை குறைந்த மாதிரி அளவு இறங்கும், உடனே தரையில் மோதிய அதிர்ச்சி ஏறும், அதற்குப் பிறகு அசைவில்லாமல் போகும். இறக்கம், மோதல், அமைதி என்ற இந்த மூன்றும் வரிசையாக வந்தால் விழுந்ததாகக் கணக்கு. ஆப்பிள் வாட்ச்சில் இது 2018-ல் வந்த 4-ஆம் வரிசையிலிருந்து இருக்கிறது. வயது 55-க்கு மேல் என்று பதிந்திருந்தால் தானாக ஆன் ஆகிவிடும். விழுந்து சுமார் ஒரு நிமிடம் அசைவில்லை என்றால், எண்ணிக்கை ஓட்டிவிட்டு அவசர எண்ணுக்கு அழைக்கும். மற்ற கம்பெனிகளின் வாட்ச்களும் ஏறக்குறைய இதே தர்க்கம்தான்.

இதில் ஓட்டை எங்கே? வயதானவர்கள் பல நேரம் தடாலென்று விழுவதில்லை. கட்டில் ஓரத்திலிருந்து வழுக்கி இறங்குவார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்துவிடுவார்கள். மோதலே இல்லை, அதனால் வாட்ச்சுக்கு அது விழுந்ததாகவே தெரியாது. தானாகக் கண்டுபிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், கையால் அழுத்தும் வழியும் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று: வாட்ச்சில் தனி சிம் இல்லையென்றால் போன் பக்கத்தில் இருக்கவேண்டும், அல்லது தெரிந்த வைஃபையில் இருக்கவேண்டும். போனை வீட்டில் வைத்துவிட்டு நடைப்பயிற்சி போனால் அது வெறும் கைக்கடிகாரம்தான்.

கழுத்து பட்டன்: இதுதான் பழைய, மந்தமான, நம்பகமான சாமான். 1970-களிலிருந்து இருக்கிறது. பட்டன் ரேடியோ வழியாக வீட்டிலுள்ள ஒரு பெட்டிக்குச் சொல்லும், பெட்டி வெளியே அழைக்கும். ஐரோப்பாவில் 869.2 முதல் 869.25 மெகாஹெர்ட்ஸ் வரை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், வேறு சாமான் குறுக்கே வராது. தினம் சார்ஜ் போடும் வேலை இல்லை, உள்ளே இருக்கும் பேட்டரி வருடக்கணக்கில் வரும். குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம். ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். கயிறு மட்டும் இழுத்தால் அறுந்து வரும் வகையாக இருக்கட்டும். கட்டில் கம்பியில் சிக்கினால் கழுத்தை இறுக்கக்கூடாது.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் காந்தக் கொக்கி போட்ட கயிற்றைத் தொடவே வேண்டாம். காந்தம் இருக்கும் எதையும் பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்வார்கள், கழுத்தில் தொங்கினால் அந்த இடைவெளி எங்கே கிடைக்கும்?

சுவர் சென்சார்: இரண்டு ஜாதி. ஒன்று அகச்சிவப்பு மோஷன் சென்சார். உடம்புச் சூடு நகர்வதை மட்டும் பார்க்கும். விழுந்தாரா என்று தெரியாது, காலை எட்டு மணி வரை சமையலறைப் பக்கம் யாருமே வரவில்லை என்று சொல்லும். இரண்டாவது ரேடார், பெரும்பாலும் 60 கிகாஹெர்ட்ஸ். படம் எடுக்காது, ஆனால் ஆள் நிற்கிறாரா, தரையோடு இருக்கிறாரா என்று உயரத்தை வைத்துச் சொல்லும். நீராவி இருந்தாலும் வேலை செய்யும் என்பதால் பாத்ரூமுக்கு ஏற்றது. அறைக்கு ஒன்று வேண்டும் என்பதுதான் தொல்லை.

ஸ்பீக்கர் பற்றி மருமகன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை: துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. பல ஸ்பீக்கர்கள் அவசர எண்ணுக்கு நேரடியாக அழைக்காது, பதிந்து வைத்த ஆளுக்குத்தான் அழைக்கும். வைஃபை போனால் அதுவும் இல்லை.

#6 மந்தச்செவி

நான் 68. இரண்டு காதிலும் கருவி. ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, அதனால் வருகிறேன்.

ராத்திரி காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எல்லாரும் தூங்குகிறோம். வயதானால் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். சாதாரணப் புகை அலாரம் கத்துவது 3000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. சரியாக நமக்குக் கேட்காத இடத்தில்! என் வீட்டு அலாரத்தைச் சோதித்தபோது பேரன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான், நான் இன்னும் பட்டனை அழுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

520 ஹெர்ட்ஸில் தாழ்ந்து ஒலிக்கும் அலாரங்கள் தனியாக வருகின்றன. காது மந்தமானவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்ப அது எவ்வளவோ மேல் என்று ஆராய்ந்து பார்த்துத்தான், அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 என்ற தீ எச்சரிக்கை நெறிமுறையில் ஹோட்டல் போன்ற இடங்களின் தூங்கும் அறைகளுக்கு அந்த ஒலியைக் கேட்கிறார்கள். நான் அதோடு தலையணைக்கு அடியில் அதிரும் தட்டு ஒன்றும் வைத்திருக்கிறேன். புகை அலாரம் அடித்தால் படுக்கையே உலுக்கும். முதல் தடவை சோதித்தபோது பூகம்பம் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டேன்.

அலாரத்தைத் திருப்பி பின்பக்கத் தேதியைப் பாருங்கள் ஐயா. பத்து வருடம் தாண்டியிருந்தால் பேட்டரி புதிதாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான்.

#7 மட்டுறுத்துநர்

இந்த இடத்தில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இரண்டும் ஒரே கடைக்குச் சுட்டி கொடுத்தவை. முதல் பதிவிலேயே விளம்பரம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.

#8 அளவுச்சங்கிலி

அனைவருக்கும் நன்றி. இரவுப்பணி அம்மா கேட்டதற்குப் பதில்: நானாகத்தான் எழுந்தேன். எவ்வளவு நேரம் என்று அன்று பார்க்கவில்லை. அதனால் நேற்று அளந்து பார்த்தேன். பழைய தொழில் புத்தி.

காலை 11 மணிக்கு, எதிர்வீட்டுப் பையனை நாற்காலியில் உட்காரவைத்து, நான் விழுந்த அதே இடத்தில் மல்லாக்கப் படுத்தேன். பையன் சிரிப்பை அடக்கப் பாடுபட்டான். டேப்பை அவன் கையில் கொடுத்தேன். வந்த அளவுகள்:

படுத்தபடி கை நீட்டினால் தரையிலிருந்து 61 செ.மீ. எட்டுகிறது. போன் வைக்கும் மேசை 74 செ.மீ. பாத்ரூம் சுவரில் முன்னாடி இருந்தவர்கள் பொருத்திவிட்டுப் போன அழைப்பு மணி 120 செ.மீ. உயரத்தில், அதாவது நின்றுகொண்டு விழுகிறவர்களுக்கு. அதிலிருந்து தொங்கவேண்டிய கயிறு துடைக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று சுருட்டி முடிச்சுப் போட்டு வைத்திருந்ததே நான்தான். அவிழ்த்துவிட்டேன். இப்போது நுனி தரையிலிருந்து ஒரு சாண்.

மருமகன் கொண்டுவந்து வைத்த ஸ்பீக்கரைத் தரையிலிருந்தே கூப்பிட்டேன். பாத்ரூம் கதவு திறந்திருந்தால் இரண்டாவது கூப்பாட்டுக்கு விழித்தது. கதவைச் சாத்தியபின் மூன்று தடவை கத்தினேன். மூன்றாவது தடவைக்கு ஏதோ ஒரு பாட்டைப் போட்டது.

எழுந்திருக்க 4 நிமிடம் 20 வினாடி. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒருக்களித்துப் புரண்டு, நாற்காலி வரை தவழ்ந்துபோய், அதைப் பிடித்துத்தான் முடிந்தது. அன்று ராத்திரி நாற்காலி அந்த இடத்தில் இல்லை. அப்போது எப்படி எழுந்தேன் என்று இப்போது எனக்கே விளங்கவில்லை.

இரண்டு வருடமாகத் தேடிய மூக்குக்கண்ணாடிக் கூடு கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. விழுந்தவன் கோணத்திலிருந்து பார்த்தால் வீடே வேறு மாதிரி இருக்கிறது. மேசை விளக்கின் வயர் வழியில் குறுக்கே ஓடுவது நிற்கும்போது தெரியவே இல்லை.

#9 இரவுப்பணி

ஐயா, எங்க ஆஸ்பத்திரியில வர்ற பிசியோதெரபிஸ்ட் கத்துக்கொடுக்கறதும் இதேதான்: புரளு, தவழு, நாற்காலியைப் பிடி. யார்கிட்டயும் கேக்காமலே செஞ்சிருக்கீங்க. அந்தப் பையனை மட்டும் அடுத்த தடவையும் கூட வச்சுக்கோங்க, தனியா முயற்சி பண்ணாதீங்க.

ரெண்டு விஷயம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறீங்களா? ராத்திரி படுக்கையில இருந்து சடக்குனு எந்திரிச்சா அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கும். கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துட்டு எந்திரிங்க. கட்டிலுக்கு அடியில ஒட்டற மோஷன் விளக்கு ஒண்ணு இருக்கு, காலைக் கீழே வச்சதும் தரையில மட்டும் மங்கலா எரியும். கண்ணைக் கூசாது. இந்த இழையில பேசற எல்லாத்துலயும் ரொம்பச் சாதாரணமான சாமான் அதுதான், அதிகமா உதவறதும் அதுதான்னு நான் சொல்லுவேன். விழுந்தப்புறம் கூப்பிடறதுக்குத்தான் பட்டன். விளக்கு விழாமலே பார்த்துக்கும். மிதியடியைத் தூக்கிப் போட்டாச்சா?

ரெண்டாவது, நீங்க பட்டனை அழுத்தினா யார் வருவாங்க? வந்தா கதவை யார் திறப்பாங்க? உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுத்தானே தூங்கறீங்க?

#10 அளவுச்சங்கிலி

மிதியடி போயாயிற்று. தாழ்ப்பாள் விஷயம் என் புத்திக்கு எட்டவே இல்லை. மேல் தாழ், கீழ் தாழ், நடுவில் பூட்டு, மூன்றும் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். உடைத்துக்கொண்டுதான் வரவேண்டும்.

#11 தூரத்துமகள்

நாங்களும் அந்த ஐந்து மணி நேரத்துக்குப் பிறகுதான் பூட்டை மாற்றினோம். வெளியிலிருந்து சாவி போட்டால் திறக்கும் பூட்டு ஒன்று போதும், தாழ்ப்பாள்களை எடுத்துவிட்டோம். வாட்ச்சில் மூன்று பேர் எண்: முதலில் பக்கத்து வீடு, இரண்டாவது என் சித்தி, மூன்றாவதுதான் நான். முதல் எண்ணாக என்னைப் போட்டபோது நான் மீட்டிங்கில் இருந்தேன். தூரத்தில் இருப்பவர் முதலில் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம், பதறுவதைத் தவிர?

ஆனால் ஐயா, கேமரா வேண்டவே வேண்டாம் என்று நீங்கள் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அம்மா போனை எடுக்காத ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஹாலில் ஒன்று இருந்தால் பார்த்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

#12 அளவுச்சங்கிலி

அம்மா, உங்கள் வயிற்றைப் பிசைவது புரிகிறது. என் மகனும் அதைத்தான் சொல்கிறான். ஆனால் பாருங்கள், கேமரா இருக்கிற ஹாலில் நான் எப்படி உட்காருவேன்? நிமிர்ந்து உட்காருவேன். மகன் பார்க்கிறானே என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்காருவேன். மனைவி படத்துக்கு முன்னால் நின்று நான் அவளிடம் பேசுவது உண்டு. அதை யாரும் பார்க்கவேண்டியதில்லை.

விழுந்ததைச் சொல்லுங்கள் என்றால் சொல்லலாம். எழுந்துவிட்டேன் என்பதையும் சொல்லலாம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் காட்டவேண்டும் என்றால் அது வேறு.

#13 ஈயப்பற்று

இதற்கு ஜப்பானில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜோஜிருஷி என்ற கம்பெனி 2001-ல் ஐ-பாட் (i-Pot) என்று ஒரு மின்சார வெந்நீர்க் குடுவையைக் கொண்டுவந்தது. பெரியவர் வெந்நீர் பிடிக்கும் நேரமெல்லாம் குடுவையே குறித்துக்கொண்டு, தூரத்திலிருக்கும் குடும்பத்துக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடும். காலையில் வெந்நீர் பிடித்தார் என்றால் எழுந்துவிட்டார், நடமாடுகிறார். மற்றது எதுவும் தெரியவேண்டியதில்லை.

அந்தக் குடுவை இல்லாமலும் இதே வேலையைச் செய்யலாம். பாத்ரூம் கதவில் காந்தத்தோடு வரும் சின்ன கதவு சென்சார் ஒன்று ஒட்டுங்கள். காலை எட்டு மணிக்குள் கதவு ஒரு தடவையாவது திறந்தால் எந்தச் செய்தியும் போகாது. திறக்கவில்லை என்றால் மட்டும் மகளுக்குச் செய்தி. தூரத்துமகள், உங்களுக்கும் இதுதான் ஏற்றது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு அசைவுக்கும் டிங் டிங் என்று வந்தால் இரண்டே வாரத்தில் நீங்களே சத்தத்தை அணைத்துவிடுவீர்கள். என் மனைவி அவள் அப்பா விஷயத்தில் அணைத்தாள்.

இன்னொரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிற்று. வாங்கப்போகும் பெட்டி வெளியே எதன் வழியாக அழைக்கிறது என்று கேளுங்கள். பழைய லேண்ட்லைன் கம்பி என்றால் யோசியுங்கள். பிரிட்டன் தன் பழைய செப்புக்கம்பி வலையை 2027 ஜனவரியோடு மூடத் திட்டமிட்டு, இந்த மாதிரிப் பெட்டி வைத்திருக்கும் முதியவர்களை எப்படி மாற்றுவது என்று தடுமாறிக்கொண்டிருக்கிறது. பழைய கம்பியில் கரண்ட் போனாலும் போன் பேசும், எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். ரூட்டர் வழியாக வந்தால் கரண்ட் போன அந்த நொடியே ஊமை. சிம் போட்ட பெட்டி என்றால் 4ஜி இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் 2022-ல் பெரிய கம்பெனிகள் 3ஜியை மூடியபோது பழைய பெட்டிகள் பல வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டன.

சோதிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள். எல்லாம் இருக்கும்போது எல்லாமே வேலை செய்யும்.

#14 எதுக்கு_இதெல்லாம்

தாத்தா வீட்ல 11 பேர். ஒத்துக்கறேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன், இதை யாரும் பேசலை. எங்க பெரியப்பாவுக்கு ஒரு போன் வந்துச்சு. "உங்க அவசர பட்டனோட சாப்ட்வேர் காலாவதி ஆயிடுச்சு, நாங்க சொல்ற ஆப்பைப் போனில் இறக்குங்க"ன்னு. அவர் பட்டன் வச்சிருக்கறது அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வயசானவங்க பத்து பேருக்கு அடிச்சா நாலு பேர்கிட்ட பட்டன் இருக்கும். அந்த ஆப் போனையே தூரத்துல இருந்து ஓட்டற ஆப். நல்லவேளை, பாஸ்வேர்டு எழுதின நோட்டைத் தேடப்போனவர் போனை வச்சதை மறந்துட்டுத் தூங்கிட்டார். மறதி காப்பாத்துச்சு.

பட்டன் கம்பெனிக்காரன் யாரும் போன் பண்ணி ஆப் இறக்கச் சொல்லமாட்டான். சொன்னா வச்சுட்டு, பெட்டியில ஒட்டியிருக்கற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க. பிள்ளை குரல்லயே பேசினாலும் நம்பாதீங்க, குரலை இப்ப நகல் எடுக்கறானுங்க. வீட்டுக்குள்ள மட்டும் தெரிஞ்ச ஒரு வார்த்தை வச்சுக்கோங்க.

#15 இரவுப்பணி

#14, முதல் பதிவையும் இப்படியே எழுதியிருக்கலாமே!

#16 அளவுச்சங்கிலி

மூன்று வாரம் ஆயிற்று. என்ன செய்தேன் என்று கேட்டுத் தனிச்செய்திகள் வருவதால் இங்கேயே எழுதுகிறேன்.

கட்டிலடி விளக்கு போட்டாயிற்று. கழுத்து பட்டன் வாங்கினேன், 4ஜி பெட்டி. அணிந்துகொண்டு வீடு முழுக்க, பின்புறம் துணிக்கொடி வரை நடந்து ஒவ்வோர் இடத்திலும் அழுத்திப் பார்த்தேன். கொடிக்கு அப்பால் ஐந்தடியில் எட்டவில்லை. அந்த இடத்தில் ஒரு செங்கல் நட்டு வைத்திருக்கிறேன், எல்லைக்கல். பாத்ரூமிலிருந்து அழுத்தினால் ஹால் பெட்டியில் பேசும் பட்டன் சேவைக்காரர்கள் குரல் எனக்குக் கேட்கவில்லை, என் குரல் அவர்களுக்கும் கேட்கவில்லை. அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: பதில் வராவிட்டால் ஆபத்து என்று எடுத்துக்கொண்டு பட்டியலில் உள்ளவர்களுக்கு வரிசையாக அழைப்பார்களாம். அது போதும். பிளக்கைப் பிடுங்கியும் பார்த்தேன், உள் பேட்டரியில் பேசியது.

பாத்ரூம் கதவில் சென்சார் ஒட்டியிருக்கிறேன். செய்தி மகளுக்குப் போகும். மகனுக்கும் வேண்டுமாம், கொடுத்தேன். கேமரா இல்லை. மூன்று பேரும் கையெழுத்துப் போடாத குறையாக ஒப்பந்தம்.

மகள் வாட்ச்சையும் வாங்கி அனுப்பிவிட்டாள். வெளியே போகும்போது கட்டிக்கொள்கிறேன். அதில் ஒரு கூத்து. போன ஞாயிற்றுக்கிழமை காலண்டர் மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். நாலாவது அடியில் வாட்ச் அதிர்ந்து, நான் பலமாக விழுந்துவிட்டதுபோல் தெரிகிறது என்றது. இல்லை என்று திரையைத் தொட்டேன். ஏற்கவில்லை. இன்னும் அழுத்தித் தொட்டேன். ஏற்கவில்லை. மகள் போட்டுக்கொடுத்த நாளிலேயே முதல் எண் மகன். அவன் வேலை இடத்தில் எல்லாரையும் விட்டுவிட்டு எனக்கு அழைக்கிறான், நான் ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் ஆணியுமாக நிற்கிறேன். தொடுதிரை ஏன் ஏற்கவில்லை?

#17 ஈயப்பற்று

விரல் காய்ந்திருக்கும் ஐயா. அந்தத் திரை விரலில் ஓடும் மிகச் சின்ன மின்னூட்டத்தை உணர்ந்துதான் வேலை செய்கிறது, அழுத்தத்தை இல்லை. வயதானால் விரல் நுனித் தோல் வறண்டு காய்ப்பேறும், ஈரம் இல்லாத தோல் திரைக்குச் சரியாகத் தெரியாது. நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. விரலில் கொஞ்சம் ஈரம் தொட்டுக்கொண்டு, மெதுவாக, விரலின் சதைப்பகுதியால் தொடுங்கள். பக்கவாட்டில் பொத்தான் இருக்கும் வாட்ச்சில் பல வேலைகளுக்கு அதையே அழுத்தலாம்.

ஆணி அடிக்கும்போது வாட்ச்சைக் கழற்றி வையுங்கள். இதை எழுதியதும் சிரிப்பு வருகிறது, இத்தனை நாள் கழற்றாதீர்கள் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்.

#18 அளவுச்சங்கிலி

விரலை நனைத்துப் பார்த்தேன், ஏற்கிறது. நாற்பது வருடம் சங்கிலி இழுத்த விரல், காய்ப்பு இருக்கத்தான் செய்யும்.

ஒரு கேள்வி பாக்கி. பட்டனின் முதல் எண்ணும் சாவியும் எதிர்வீட்டுப் பையனிடம். அடுத்த வாரம் அவர்கள் குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போகிறார்கள். இரண்டாவது சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. மாடிக்காரர் நல்லவர், ஆனால் அவருக்கு 81.

#19 இரவுப்பணி

வாசல் பக்கம் சுவர்ல திருகிப் பொருத்தற எண் பூட்டுப் பெட்டி வாங்குங்க ஐயா. சாவி அதுக்குள்ள இருக்கும், எண்ணைப் பட்டன் சேவைக்காரங்ககிட்டப் பதிஞ்சு வைங்க. வர்றவங்களுக்கு அவங்க சொல்லுவாங்க. மாடிக்காரர்கிட்ட எண்ணை மட்டும் சொல்லி வைங்க, அவர் யாரையாவது கூப்பிட்டுத் திறக்கச் சொல்லட்டும். அவரா உங்களைத் தூக்க வேண்டாம். எண்ணை மட்டும் பிறந்த வருஷமா வைக்காதீங்க, எல்லாரும் முதல்ல அதைத்தான் போட்டுப் பார்ப்பாங்க.

#20 அளவுச்சங்கிலி

பெட்டி நேற்றே வாங்கிப் பொருத்திவிட்டேன். பிறந்த வருடத்தைத்தான் வைத்திருந்தேன். இப்போது போய் மாற்றிவிட்டு வந்தேன்.